பெண்குட்டிக்குக் காத்திருந்த வளவு

குதிரை வளர்ப்பதைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் மணலைப் பற்றித்தான் சொல்வேன். கேட்பவர்களுக்கு அது பெரிய ஏமாற்றமாக இருக்கும். அவர்கள் பாய்ச்சலையும் பிடரிமயிரையும் எதிர்பார்த்து வந்திருப்பார்கள். செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு வளவு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிறது. எந்தப் பக்கம் தோண்டினாலும் மணல்தான். நிலத்தில் போட்ட புல்லைக் குதிரை தின்றால் புல்லோடு மணலும் வயிற்றுக்குள் போய்ச் சேரும். சேர்ந்து கனத்தபிறகு குதிரை தரையில் புரண்டு துடிக்கும். அதனால் பழைய லொறி டயர்களை வெட்டி, அடியில் தகரம் வைத்து அடைத்து, அதற்குள்தான் தீனி வைப்போம். எங்கள் வாசலில் டயர் ஒட்டக் கேட்டு வந்து நின்றவர்களும் உண்டு.

இந்த வளவு என் அம்மா எனக்குத் தந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படி வந்தவர்தான் என் வீட்டுக்காரர். வந்து இரண்டு பிள்ளைகள் பிறந்தபிறகு வளைகுடாவுக்குப் போனார். அங்கே ஒரு பெரிய பணக்காரரின் குதிரை லாயத்தில் வேலை. மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து வரும்போது ரீவி கொண்டுவருவார்கள், வாசனைத் தைலம் கொண்டுவருவார்கள். இவர் குதிரைப் பைத்தியத்தை மட்டும் கொண்டுவந்தார்.

வந்த கொஞ்ச நாளிலேயே மலைநாட்டுக்குப் போய், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு மண்ணிறப் பெண் குதிரையை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். லொறிக்காரர் பயந்துபோய் குதிரையை இறக்கவா வேண்டாமா என்று நின்றார். அவள்தான் தானாகவே பலகையில் இறங்கி வந்து, என் தோளில் மூக்கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தச் சூடு சேலைக்குள்ளால் இறங்கியது. அதற்குமேல் எனக்கு ஏச்சு வரவில்லை. அவளுக்கு நாங்கள் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. முதல் வந்தவள் என்பதால் மூத்தவள் என்றே கூப்பிட்டோம்.

இப்போது நினைத்தால் அந்தக் காலைகள்தான் எனக்குத் திரும்ப வேண்டும்போல் இருக்கிறது. விடிந்தும் விடியாமல் என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வட்டைப் பக்கம் போவார். வயல் வரம்பில் வளர்ந்த ஈரப்புல்லைக் கட்டிக்கொண்டு வருவார். வரும்போது புல்தான் தெரியும், மனுசன் தெரியாது. நான் தவிட்டையும் ஊறவைத்த கொள்ளையும் பிசைந்து வைப்பேன். பிறகு குதிரைகளை வாவிக்குக் கொண்டுபோவோம். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது அவை கண்ணை மூடிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் தோல் கடிக்கும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் கிணற்று நீரில் அலசி, தும்புக்கட்டையால் தேய்த்து, குளம்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவோம். பின்னேரம் நுளம்புக்கு வேப்பிலைப் புகை. அந்தப் புகையும் குதிரை வியர்வையும் கலந்த மணம் என் சேலை எல்லாவற்றிலும் இருந்தது. கோயிலுக்கு உடுத்துக்கொண்டு போனாலும் பக்கத்தில் நிற்பவள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

உழைப்பும் இருந்தது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கலியாண ஊர்வலத்துக்குக் கூப்பிடுவார்கள். பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு, திருவிழாவுக்கு, ஆண்டுக்கொருமுறை நகரத்து மைதானத்தில் நடக்கும் கால்நடைக் கண்காட்சிக்கு என்று போய் வருவோம். கண்காட்சியில் மாடும் எருமையும் ஆடும் நிறைந்திருக்கும். குதிரை என்றால் நாங்களும் காத்தான்குடி வியாபாரி ஒருவரும் மட்டும்தான். அதனால் ஒரு வருடம் நாங்கள் முதலாமிடம், மற்ற வருடம் அவர் முதலாமிடம். அந்த வியாபாரியும் என் வீட்டுக்காரரும் வருடம் முழுவதும் நல்ல சிநேகிதம், கண்காட்சி அன்று மட்டும் முகம் பார்க்க மாட்டார்கள்.

குறை என்று எனக்கு ஒன்றுதான் இருந்தது. எனக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். மற்ற ஊரார் இதை வரம் என்பார்கள். எங்கள் ஊரில் குடி என்கிற வம்சம் தாய்வழியில்தான் வரும். அம்மாவின் குடிதான் என் குடி. என் குடி என் மகளுக்குப் போய், அவள் வழியாக அவளுடைய பிள்ளைகளுக்குப் போகவேண்டும். மகள் இல்லையென்றால் அது என்னோடு நின்றுவிடும். கோயிலில் எங்கள் குடிக்குரிய திருவிழா வரும்போதெல்லாம், எனக்குப் பிறகு இந்த வளவிலிருந்து தட்டெடுத்துக்கொண்டு போக ஆளில்லை என்ற நினைப்பு வரும். வெளியில் சிரித்துக்கொண்டிருப்பேன்.

மூத்தவளும் என்னைப்போலத்தான். போட்டதெல்லாம் ஆண் குட்டி. அவற்றைப் பழக்குவோம், விதை நீக்கி நலமடிப்போம், கேட்கிறவர்களுக்குக் கொடுப்போம். ஆண் பிறந்தால் போகத்தானே வேண்டும். என் மூத்த மகனும் வாகரையில் கலியாணம் முடித்து அங்கேயே போய்விட்டான். மூத்தவளுக்கு வயது ஏறிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு பெண்குட்டி அவள் வயிற்றில் பிறந்து இந்த வளவில் நின்றுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. எனக்குத்தான் இல்லை, அவளுக்காவது இருக்கட்டுமே.

கடைசியாக ஒருமுறை சினைப்படுத்தலாம் என்று ஆண் குதிரை தேடினோம். மூத்த மகனின் மாமனார் வழியில் வாகரையில் ஒருவர், கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ஏறிச் சவாரி போக நல்ல ஆண் குதிரை ஒன்று வைத்திருந்தார். பார்க்கப் போனோம். எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசினால் முதலில் கேட்பது என்ன குடி என்பதுதான். ஒரே குடி என்றால் எழும்பி வந்துவிடுவோம். பழக்கதோசத்தில் குதிரைக்கும் நாங்கள் அதையே கேட்டோம். தாய் எது, தாயின் தாய் எது என்று நான் துருவித் துருவிக் கேட்டேன். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தானே, தாய்வழியைத் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னார். எங்கள் மூத்தவளின் தாய்க்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

“வேற குடி. நல்லது,” என்றேன் நான்.

“அரபிக்காரனும் முதல் தாயைத்தான் கேப்பான்,” என்று என் வீட்டுக்காரர் தலையாட்டினார். “இது சரியான பொருத்தம் புள்ள.”

தகப்பன் யார் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

குட்டி போடும் காலம் வந்ததும் என் வீட்டுக்காரர் கொட்டிலுக்குள்ளேயே பாயைப் போட்டுக்கொண்டு காவலிருந்தார். எங்களுக்குச் சோறும் இல்லை, சொல்லும் இல்லை. கடைசியில் ஒரு விடியற்காலை, பாவம் பார்த்து நான் கொடுத்த தேநீரைக் குடிக்க அவர் குசினிக்கு வந்த நேரம் பார்த்து மூத்தவள் குட்டியைப் போட்டுவிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால் பெண்குட்டி. தாயின் அதே மண்ணிறம். நான் அப்படியே வைக்கோலில் இருந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என் இரண்டு பிள்ளைகளும் பிறந்தபோதுகூட நான் அப்படிச் சந்தோசப்படவில்லை என்று சொன்னால் பிள்ளைகள் கோபிக்கக்கூடும். உண்மை அதுதான்.

குட்டி எழும்பவில்லை. எழும்பப் பார்க்கும், முன்கால் இரண்டும் கணுவில் மடிந்து முன்னுக்கு விழும். குளம்பு நிலத்தில் படாமல் கணு படும். திரும்பத் திரும்ப அப்படியே விழுந்தது. கால்நடை வைத்தியருக்குச் சொல்லி அனுப்பினோம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த இளம்பிள்ளை. மாட்டுக்கும் எருமைக்கும் பழகிய கை, ஆனால் பயமில்லாமல் குட்டியின் காலைப் பிடித்து நீவிப் பார்த்தாள்.

“நரம்பு குறுகிக் கிடக்குது அம்மா. இதின்ர தகப்பன் ஆர்?”

“வாகரையில நிக்கிது,” என்றேன்.

“அது விளங்குது. அந்தத் தகப்பன்ர தகப்பன் ஆர்? தாயின்ர தகப்பன் ஆர்?”

என் வீட்டுக்காரர் தொலைபேசியை எடுத்து மலைநாட்டில் மூத்தவளை விற்றவரைப் பிடித்தார். பிறகு வாகரைக்காரரைப் பிடித்தார். இரண்டு குதிரைகளும் அதே மலைநாட்டு லாயத்தில் ஒரே ஆண் குதிரைக்குப் பிறந்தவை. தாய்தான் வேறு. அண்ணனுக்கும் தங்கைக்கும் பொருத்தம் பார்த்து முடித்துவைத்திருக்கிறோம்.

வைத்தியர் சிரிக்கத் தொடங்கினாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். “அதாலதான் கால் இப்பிடி எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது அம்மா. ஆனா இவளைச் சினைப்படுத்தாதேங்கோ. முதல்ல எழும்பி நடக்கட்டும். நடக்காட்டி வச்சிருந்து வதைக்கக் கூடாது.”

வதைக்கக் கூடாது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். குட்டியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வாய் திறந்தவன் என் இளைய மகன். அவன் அப்போது வாடகைக்கு முச்சக்கரவண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். குதிரைப் பக்கம் அவ்வளவாக எட்டிப் பார்க்காத பிள்ளை.

“அம்மா, ஒருக்காப் பாப்பம்,” என்றான்.

தண்ணீர்க் குழாய் ஒன்றை நெடுக்காகப் பிளந்து, என் பழைய சேலையைக் கிழித்து உள்ளுக்குச் சுற்றி, குட்டியின் கால்களுக்கு வைத்துக் கட்டினான். கட்டு நெடுகக் கிடந்தால் தோல் புண்ணாகும் என்று வைத்தியர் சொன்னதால், ஒவ்வொரு சவாரி முடிந்தும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடி வருவான். அவிழ்த்து, எண்ணெய் பூசி நீவி, திரும்பக் கட்டிவிட்டுப் போவான். சவாரிக்காரர்களை வண்டிக்குள் வைத்துக்கொண்டே வந்த நாளும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒரு மனுசி இறங்கி வந்து, தன் வலியை மறந்து குட்டியின் காலைப் பிடித்துக்கொண்டாள். கச்சான் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கட்டில்லாமல் குட்டி நாலு காலில் நின்றது. தாயிடம் போகவில்லை. தடுக்கித் தடுக்கி என் மகனிடம் போனது.

வலது முன்கால் மட்டும் கடைசிவரை சற்று மடிந்தே இருந்தது. அது போகட்டும். அவள் இருந்தாள், வளவு நிறைந்திருந்தது. அவளை நான் மகள் என்றே கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் முதலில் கேலி பண்ணினார். பிறகு அவர் வாயிலும் அதுதான் வந்தது.

மூத்தவள் ஒரு மாரியில், வளவுக்குள் வெள்ளம் ஏறிய கிழமை போய்ச் சேர்ந்தாள். அவளைப் புதைக்கக் காய்ந்த இடம் தேடி அலைந்ததை இப்போது எழுதக் கை ஓடவில்லை. அதற்குப் பிறகு எனக்கு மகள் மட்டும்தான். அவளோடு அந்த வழி நின்றுவிடும் என்பது தெரியும். நின்றால் நிற்கட்டும், நிற்கும்வரை என் கண்முன்னால் நிற்கவேண்டும் என்றிருந்தேன்.

அடுத்த கண்காட்சிக்கு அவளைக் கொண்டுபோனோம். பிடரியைப் பின்னி, நெற்றியில் பூ வைத்து, குளம்பை மினுக்கி, நானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினேன். இளையவன் ஒரு சவாரியில் மாட்டிக்கொண்டு வரப் பிந்திவிட்டது. அவள் நாலு அடி வந்தாள், நின்றாள். நான் கெஞ்சினேன், கொஞ்சினேன். பிறகு வீட்டில் ஏசுகிறமாதிரி ஏசினேன். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. மைதானம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரம் வாசலில் முச்சக்கரவண்டிச் சத்தம். அவள் காதை நிமிர்த்தினாள். அவ்வளவுதான், என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குள்ளால் பாய்ந்தாள். மகன் கயிற்றை வாங்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல் அவன் பக்கத்தில் அவ்வளவு வடிவாக நடந்தாள்.

“முன்கால் பழுது. ஆனா நடை நல்லாயிரிக்கி,” என்று நடுவர் ஆறுதல் பரிசு தந்தார். ஒரு பிளாஸ்டிக் வாளி. காத்தான்குடி வியாபாரி அன்று முதல் தடவையாகக் கண்காட்சி நாளில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு அன்றே விளங்கியிருக்க வேண்டும். வாளி கிடைத்த சந்தோசத்தில் விளங்கவில்லை.

இளையவனுக்கு மண்டூரில் பெண் பார்த்தோம். நல்ல பிள்ளை, வேறு குடி, வயல்காரக் குடும்பம். மண்டூர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கிறது. கலியாணம் முடிந்து வழக்கப்படி அவன் அங்கே போனான். நான் கலங்கவில்லை. ஆண்பிள்ளை போகத்தானே பிறக்கிறான். பிறந்த அன்றிலிருந்து அதற்கு மனதைத் தயார்படுத்தித்தான் இந்தப் பக்கத்துத் தாய்மார் வளர்ப்பார்கள். வந்தவர்களுக்கு வெற்றிலை கொடுத்து, பகிடி விட்டு, சிரித்துக்கொண்டுதான் அனுப்பினேன்.

மகள்தான் தீனியை விட்டாள். டயருக்குள் வைத்த புல் அப்படியே வாடும். கொள்ளைப் பிசைந்து கையில் நீட்டினால் முகத்தைத் திருப்புவாள். வாசல் படலையடியில் போய் நின்றுகொள்வாள். பெரிய தெருவில் முச்சக்கரவண்டிச் சத்தம் கேட்டால் தலை நிமிரும், வண்டி கடந்துபோனால் தொங்கும். விலாவெலும்பு தெரியத் தொடங்கியது. வைத்தியர் வந்து பார்த்தாள்.

“நோய் ஒண்டும் இல்லை அம்மா. ஆளைத் தேடுறாள்.”

இளையவன் முடிந்த நாளெல்லாம் வந்தான். அவன் கையால் கொடுத்தால் தின்பாள். அவன் போனால் பழையபடி. அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை. வளவு என்னுடையது, வளவில் நிற்பதும் என்னுடையது, அவர் அதை ஒருநாளும் மீறியதில்லை. ஒருவரும் கேட்காததுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

“ஆரும் என்னட்டக் கேக்க வேணாம்,” என்று ஒருநாள் கறிச்சட்டியை இறக்கிக்கொண்டே கத்தினேன். “நான் விடமாட்டன். எனக்கெண்டு நிக்கிறது அவள் ஒருத்திதான்.”

“நான் ஒண்டும் சொல்லலயே புள்ள,” என்றார் அவர்.

“சொல்லாம நிக்கிறீங்களே, அதுதான்!”

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மண்டூர் மருமகள் தனியாக வந்தாள். வந்தவள் நேரே மகளிடம் போய்க் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு குசினி வாசலுக்கு வந்தாள்.

“மாமி, எங்கட வளவில கொட்டில் போட்டிரிக்கி. நீங்க ஓம் எண்டா மட்டும்தான்.”

“என்னைக் கேக்காம ஆரு கொட்டில் போடச் சொன்ன?” என்று சீறினேன்.

அவள் பயப்படவில்லை. “அம்மாதான் போடச் சொன்னாங்க மாமி. ஒரு பொம்புளப்புள்ள பட்டினி கிடக்கக்குள்ள நாம சோறு தின்னலாமா எண்டு கேட்டாங்க.”

மகளைப் பார்க்காத ஒரு மனுசி, வாவிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, அவளைப் பெண்பிள்ளை என்று சொல்லியிருக்கிறாள். நான் இங்கே நின்றுகொண்டு அவள் விலாவெலும்பைத் தினமும் பார்க்கிறேன். பிடித்து வைத்திருப்பது அவளுக்காகவா எனக்காகவா என்று கேட்டால் எனக்கு விடை தெரியும்.

“நாளைக்குக் கொண்டுபோகச் சொல்லு அவனை,” என்றேன். “இண்டைக்கு நான் அவளைக் குளிப்பாட்டவேணும்.”

அன்று பின்னேரம் வாவியில் நானும் அவளும் மட்டும் நின்றோம். தேவைக்கு மேலே தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அதோடு எங்கள் வளவில் பெண் குதிரை நின்ற காலம் முடிந்தது. இப்போது நலமடித்த கிழடு ஒன்று நிற்கிறது, எப்போதாவது ஊர்வலத்துக்குப் போகும்.

குருமண்வெளித் துறையில்தான் வாவியைக் கடக்கவேண்டும். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். அன்று அதில் ஒரு உழவு இயந்திரமும், சில மோட்டார் சைக்கிளும், பாடசாலைப் பிள்ளைகளும், நடுவில் என் மகளும். இளையவன் கயிற்றைத் தளரப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவன் தோளில் தலையை வைத்திருந்தாள். பாதை கரையை விட்டதும் என்னால் முடியவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, துறையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதேன்.

பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற ஒரு மனுசி என் கையைப் பிடித்தாள்.

“அழாதீங்க. மகன் அந்தக் கரையிலதானே, கூப்பிட்டா வந்திருவான்.”

மகன் போனதற்கு நான் அழவில்லை. எங்கள் பக்கத்தில் மகளைக் கட்டிக்கொடுத்தால் அவள் தாயின் வளவிலேயே இருப்பாள், தாய் சாகும்வரை கூடவே இருப்பாள். பெற்ற மகளைப் பாதையில் ஏற்றிவிட்டு இந்தத் துறையில் நின்று ஒரு தாயும் அழுதிருக்க மாட்டாள். நான் நின்று அழுதேன்.